எங்க செட்டு, ஒங்க செட்டு

அவளுக்குத் தெரியவந்த எதுவும் ஐந்து நிமிடத்துக்கு மேல் அவளிடம் தங்காது. யாரிடமாவது சொல்லிவிடுவாள். அவள் பெயரை இங்கே எழுதலாமா என்று இரண்டு நாட்கள் யோசித்தேன். கேட்காமல் எழுதுவது சரியில்லை. கேட்டால் "எழுது, அதுக்கென்ன" என்றுதான் சொல்வாள். அவள் அவ்வளவு இலேசாகச் சொல்வதை இன்னொரு முறை கேட்க எனக்கு மனமில்லை. ஆகவே அவள் என்றே இருக்கட்டும்.

கொட்டகலையில் நாங்கள் இருவரும் எட்டாம் ஆண்டில் ஒரே வகுப்பு. மழைக்காலத்தில் பாடசாலைக்குப் போகிற குறுக்குப் பாதை முழுக்க அட்டை. காலுறைக்குள் புகுந்துவிடும்; வகுப்பில் உட்கார்ந்த பிறகுதான் இரத்தம் தெரியும். காலுறையின் மேல் காய்ந்த சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொண்டால் அட்டை ஏறாது என்பதை அவள் ஒரு திங்கட்கிழமை கண்டுபிடித்தாள். இடைவேளைக்குள் பாடசாலை முழுவதற்கும் தெரிந்துவிட்டது. மறுநாள் காலைக் கூட்டத்தில் எல்லோர் காலிலிருந்தும் சலவைச் சவர்க்கார வாடை வந்தது.

எனக்கு அது ஒரு வாரத்துக்கு முன்பே தெரியும். அம்மா சொல்லித் தந்திருந்தார். நான் யாரிடமும் சொல்லவில்லை. என் கால்களில் மட்டும் அட்டை ஏறாததை மற்றப் பிள்ளைகள் குனிந்து பார்ப்பது எனக்குப் பிடித்திருந்தது. அந்தத் திங்கட்கிழமையோடு அது போயிற்று.

அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த கணித ஆசிரியர். எனக்கு நாலு வயதானபோது வந்தோம். புகையிரத நிலையத்துக்குப் பின்னால் வாடகை வீடு. வீட்டுக்குள் யாழ்ப்பாணப் பேச்சு, வாசலைத் தாண்டினால் மலையகப் பேச்சு என்று இரண்டும் எனக்குப் பழகிவிட்டன. அவள் வீடு மேலே தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்று. அவளுடைய அம்மா கொழுந்து பறிக்கப் போவார், அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை.

என் அப்பா யாரையும் வாயால் பாராட்டமாட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். அதுதான் பாராட்டு. ஒரு தவணையில் அவளுக்காக நாலு முறை கழற்றினார். நான் எண்ணினேன். எனக்காக ஒரு முறை. அதுவும் தூசி பட்டதாலோ என்று இன்றைக்கும் சந்தேகம்.

சாப்பாட்டு மேசையிலும் அவள் வருவாள். "அந்தப் பிள்ளைக்கு என்ன அவதானம்" என்று அப்பா அம்மாவிடம் சொல்வார்.

"எங்கடை பிள்ளைக்கு என்ன குறை?" என்பார் அம்மா.

"குறை எண்டு ஆர் சொன்னது? இவள் கணக்குச் செய்வாள். ஆனா பார்க்கமாட்டாள்."

நான் தட்டைப் பார்த்துக்கொண்டு சோற்றைப் பிசைவேன். எதைப் பார்க்கவேண்டும் என்று அப்பா ஒருபோதும் சொன்னதில்லை.

அந்த வருடம் ஜேர்மனியிலிருந்த மாமா, கொழும்புக்கு வந்த ஒருவரிடம் டீவி கேம் ஒன்றைக் கொடுத்தனுப்பினார். சாம்பல் நிறப் பெட்டி. அதற்குள் தள்ளிப் பூட்டுகிற கேசட் ஒன்று. சிவப்புச் சப்பாத்துப் போட்ட குள்ளன் ஒருவன் ஓடுவான். பொத்தானை அமத்தினால் பாய்வான். குழி, பலகைப் பாலம், உருண்டுவரும் பீப்பாய் எல்லாவற்றையும் தாண்டி ஆறு ஸ்டேஜ் முடித்தால் அவன் வீடு வரும். கேசட்டின் மேல் இருந்த பெயரை எங்களுக்கு வாசிக்கத் தெரியாது. சப்பாத்துக் குள்ளன் என்று நானே பெயர் வைத்தேன்.

வகுப்பில் இதைச் சொன்னபோது எல்லோரும் என் மேசையைச் சுற்றி நின்றார்கள். கொஞ்ச நேரம்தான்.

"எங்க வீட்டுலயும் அந்தக் குள்ளன் இருக்கான்" என்றாள் அவள். கொழும்பில் கடையொன்றில் வேலை செய்த அவளுடைய அண்ணன் தீபாவளிக்கு வந்தபோது கொண்டுவந்தாராம். கேசட்டில் ஜப்பான் எழுத்தாம்.

"அதே குள்ளன்தானா?" என்று கேட்டேன்.

"அதேதான். நாலாவது ஸ்டேஜ்ல மூங்கில் காடு வருமே."

"மூங்கிலா? எங்களதுல பனி. வழுக்கும்."

அவள் அப்படியே நின்றாள். நான் அவளை மடக்கிவிட்டதாக நினைத்தேன். அவளுடைய முகமோ விரிந்துகொண்டே போனது. "பனியா? அப்ப ரெண்டும் வேற வேறயா? அடியே, வா, இப்பவே வந்து பாக்கணும்."

என்னிடம் மட்டும் ஒன்று இருக்கிறது என்பதில் எனக்கு இருந்த சந்தோசத்தைவிட, இரண்டு பேரிடமும் வேறு வேறாக இருக்கிறது என்பதில் அவளுக்கு அதிக சந்தோசம். அது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை. விளங்காததாலேயே கோபம் வந்தது.

முதலில் நான்தான் அவள் வீட்டுக்குப் போனேன். லயத்துக்கு அப்போதுதான் மின்சாரம் வந்திருந்தது. பழைய கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி ஒன்று. படம் ஓரிடத்தில் நிற்காது. கீழிருந்து மேலே உருண்டுகொண்டே இருக்கும். பலகைப் பாலம் வருகிற நேரத்தில் படம் உருண்டால் குள்ளன் எங்கே, குழி எங்கே என்று ஒன்றும் தெரியாது. அவள் அந்த நேரத்தில் திரையைப் பார்க்கவே மாட்டாள். தலையைச் சாய்த்துப் பாட்டைக் கேட்பாள்.

"டடங் டடங்னு ரெண்டு வாட்டி வரும். மூணாவது டடங்ல அமுத்து. கண்ண மூடிக்கிட்டே தாண்டலாம்" என்றாள். உண்மையிலேயே கண்ணை மூடிக்கொண்டு தாண்டிக் காட்டினாள். அவளுடைய அம்மா தேநீர்க் கோப்பையோடு நின்று சிரித்தார். "பள்ளிக்கொடத்துப் பாடத்தையும் இப்பிடிக் கண்ண மூடிக்கிட்டு சொன்னா நல்லாருக்கும்."

ஆறு ஸ்டேஜையும் முடித்தாள். குள்ளன் சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, வீட்டுக்குள் போய்க் கதவை மூடினான். கதவு மூடியதும் அவள் சட்டென்று சுவிட்சை அணைத்தாள். அடாப்டர் சூடேறி எரிந்துவிடும், முடிந்த உடனே அணைக்க வேண்டும் என்பது அண்ணனுடைய கட்டளை. அந்தக் கட்டளையை எனக்கும் சொல்லித் தந்தாள். நானும் அதையே பழகிக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். எங்களுடையது கலர் டீவி. குள்ளன் ஓடத் தொடங்கியதும் அவள் திரைக்குக் கிட்டப் போய்ச் சொன்னாள். "ஒங்க செட்டுல சப்பாத்து செவப்பு. எங்க செட்டுல சாம்பலு."

நான் சிரித்தேன். தேவையானதைவிட அதிக நேரம் சிரித்தேன். "லூசு, ஒங்க டீவில எல்லாமே சாம்பல்தான்."

அவளுக்கு வெட்கம் வரவில்லை. "ஆமால்ல. அப்ப எங்க குள்ளனோட சப்பாத்து நெசத்துல என்ன கலரு?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி அப்பாவின் காதிலும் விழுந்துவிட்டது. வாசித்துக்கொண்டிருந்த பத்திரிகை கீழே இறங்கியது.

அதற்கடுத்த சனிக்கிழமை அவள் மழைக்குள் குடை பிடித்து, தன்னுடைய கேம் செட்டைத் துவாயில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். எங்கள் டீவியில் பூட்டினோம். சப்பாத்து பச்சை. அவள் சொன்ன நிறம் பிழை. ஆனால் வித்தியாசம் இருக்கத்தான் செய்தது. அப்பா கண்ணாடியைக் கழற்றினார்.

அன்றைக்குத்தான் அந்தக் கொப்பி தொடங்கியது. நீளமான சீ.ஆர். கொப்பி. ரூலரால் நடுவில் கோடு கீறி, இடப்பக்கம் 'எங்க செட்டு', வலப்பக்கம் 'ஒங்க செட்டு' என்று எழுதினாள். மூங்கில், பனி. பச்சை, சிவப்பு. விழுந்தால் விழுந்த இடத்திலிருந்தே தொடங்கும், விழுந்தால் முதலிலிருந்து தொடங்கும். ஐந்தாவது ஸ்டேஜ் காவல்காரன் அவளுடைய செட்டில் போத்தலோடு குடித்துக்கொண்டிருப்பான். எங்களுடைய செட்டில் போத்தல் இல்லாமல் தூங்குவான்.

"ஜேர்மனியிலை பிள்ளையளுக்குக் குடியைக் காட்டமாட்டினம் போலை" என்றார் அப்பா.

"அப்ப எங்க புள்ளைங்களுக்குக் காட்டலாமா சேர்? நாங்க தெனமும்தான் பாக்குறோம்" என்றாள் அவள். அப்பா வாய்விட்டுச் சிரித்தார். எங்கள் வீட்டில் அப்பா அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

அந்தக் கொப்பியை அவள் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தாள். டீவியே இல்லாத பிள்ளைகள்கூட அதை வாசித்தார்கள்.

எங்கள் வீட்டுக்கு அவள் முதன்முதலாக வந்த சனிக்கிழமை அம்மாவுக்கு உண்மையிலேயே தலைவலி. சத்தத்தை முழுவதும் குறைத்துவிட்டு விளையாடினோம். அதற்குப் பிறகு அவள் வந்த ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் சத்தத்தைக் குறைத்தேன். "அம்மாவுக்குத் தலைவலி" என்பேன். அம்மா அடுப்படியில் பாட்டுப் பாடிக்கொண்டு சமைத்த நாளிலும் சொன்னேன். அவள் நம்பினாள்.

காரணம் இருந்தது. அவள் இல்லாத நாளில், தனியாகச் சத்தத்தோடு விளையாடும்போது நான் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தேன். அவளுடைய செட்டில் பாட்டும் குள்ளனும் ஒன்றாகப் போவார்கள். எங்களுடைய செட்டில் பாட்டு முந்திவிடும், குள்ளன் பிந்துவான். மூன்றாவது டடங்கில் பாய்ந்தால் பலகையின் விளிம்புக்கு வருமுன்பே பாய்ந்து குழிக்குள் விழவேண்டியதுதான். இரண்டு செட்டுக்கும் இருந்த வித்தியாசங்களில் நானாகப் பார்த்துக் கண்டுபிடித்தது அது ஒன்றுதான். அதை அந்தக் கொப்பியில் அவளுடைய கையெழுத்தில் பார்க்க எனக்கு விருப்பமில்லை.

அதோடு நின்றிருந்தால் பிள்ளைத்தனம் என்று விட்டுவிடலாம்.

சித்திரைப் புத்தாண்டுக்குக் கொட்டகலைக் கடைவீதியில் வருடாவருடம் போட்டிகள் நடக்கும். தேசிக்காய்க் கரண்டி ஓட்டம், சங்கீதக் கதிரை எல்லாம் இருக்கும். அந்த வருடம் வீடியோக் கடைக்காரர் டீவி கேம் போட்டி ஒன்றை வைத்தார். ஆளுக்கு ஒரே ஒரு முறை, குள்ளன் விழுந்தால் கதிரையை விட்டு எழும்பவேண்டும், அதிக தூரம் போகிறவருக்குச் சுவர்க் கடிகாரம். போட்டிக்குச் சில நாட்களுக்கு முன் அவருடைய செட் பழுதாகிவிட்டது. அப்பாவிடம் வந்து எங்களுடைய செட்டை இரவல் கேட்டார். அப்பா கொடுத்தார். பரிசு கொடுக்கவும் அப்பாவைத்தான் அழைத்தார்கள்.

போட்டியன்று காலை, கடை வாசலில் அவள் கொப்பியோடு நின்றாள். "ஒங்க செட்டாமே. அதுவும் நல்லதுதான். ரெண்டும்தான் நமக்குத் தெரியுமே." கொப்பியைத் திறந்து ஒருமுறை விரலால் தடவிப் பார்த்தாள். "நான் எழுதாம விட்டது ஏதும் இருக்கா?"

அப்பா கடைக்குள் முன்வரிசைக் கதிரையில் உட்கார்ந்திருந்தார். நான் அவரைப் பார்த்துவிட்டு அவளுக்குப் பதில் சொன்னேன். "எனக்குத் தெரிஞ்சு ஒண்ணும் இல்ல."

அவளுடைய முறை எனக்கு முன்பு வந்தது. வீதியெல்லாம் கேட்கட்டும் என்று கடைக்காரர் சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தார். இரண்டு ஸ்டேஜை அவள் ஓடியே முடித்தாள். மூன்றாவதில் பலகைப் பாலம். அவளுடைய தலை மெல்லச் சாய்ந்தது. நான் என் பாவாடை நுனியைக் கைக்குள் பிடித்துக்கொண்டேன். டடங். டடங். மூன்றாவதில் பாய்ந்தாள். பலகை இன்னும் வரவில்லை. குள்ளன் குழிக்குள் போனான்.

"லயத்து சாம்பியன் அவ்வளவுதானா?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். சிரிப்பு எழுந்தது. கடைக்காரர் "சரி சரி, அடுத்த ஆளு" என்றார்.

அவள் உடனே எழும்பவில்லை. தலை சாய்ந்தபடியே ஒரு கணம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு எழும்பி, விளையாட்டுப் பொத்தான் கட்டையை என் கையில் தரும்போது காதருகே குனிந்தாள்.

"இதுல பாட்டு முந்திப் போகுது புள்ள. பாட்ட நம்பாத. அவன் கால மட்டும் பாத்து அமுத்து."

நான் சொன்னேன்: "அப்பிடியா?"

அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

ஆறு ஸ்டேஜையும் முடித்தேன். எங்கள் செட்டில் அதுவரை நானோ அவளோ கடைசி வரை போனதில்லை. குள்ளன் தன் வீட்டு வாசலுக்கு வந்தபோதே கைதட்டல் தொடங்கிவிட்டது. நான் திரும்பி அப்பாவைப் பார்த்தேன். அவரும் தட்டிக்கொண்டிருந்தார்; கண்ணாடி மூக்கிலேயே இருந்தது. பிறகு கூட்டத்தில் அவளைத் தேடினேன். அவள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. அவள் இல்லை. மழை இருட்டிக்கொண்டு வருகிறது என்று அவளுடைய அம்மா கூட்டிக்கொண்டு போய்விட்டார் என்றார்கள். நான் திரும்பித் திரையைப் பார்த்தபோது கடைக்காரர் செட்டை அணைத்திருந்தார்.

கடிகாரத்தைச் சுமந்துகொண்டு வீட்டுக்கு நடந்தபோது அப்பா கேட்டார். "அந்தப் பிள்ளை உன்ரை காதுக்குள்ளை என்ன சொன்னவள்?"

"ஒண்டுமில்லை அப்பா. நல்லா விளையாடச் சொன்னவள்."

வீட்டுக்கு வந்ததும் அப்பா தன்னுடைய சாய்கதிரைக்கு மேலே ஆணி அடித்து அந்தக் கடிகாரத்தை மாட்டினார்.

விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கிய அன்று அவள் கொப்பியை என்னிடம் தந்தாள். புதிதாக இரண்டு வரிகள் இருந்தன. 'பாட்டு' என்பதற்கு இடப்பக்கம் 'ஒண்ணாப் போகுது', வலப்பக்கம் 'முந்திப் போகுது'. கடைசி வரி 'முடிவு'. இடப்பக்கம் 'வீட்டுக்குள்ள போய் கதவ மூடுறான்'. வலப்பக்கம் வெறுங்கட்டம்.

"நீதானே முடிச்ச. கடைசில என்ன வருதுன்னு எழுதித் தா" என்றாள்.

நான் பார்க்கவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. வீட்டில் மறுபடி விளையாடிப் பார்த்திருக்கலாம். படிப்புக் கெடுகிறது என்று அப்பா செட்டை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியிருந்தார், கேட்டிருந்தால் தந்திருப்பார். நான் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியாத ஒரு கட்டம் இந்த உலகத்தில் இருப்பது எனக்கு வேண்டியிருந்தது, அது எனக்கும் தெரியாது என்றபோதும். இரண்டு முறை கேட்டாள். மூன்றாவது முறை கேட்கவில்லை. கொப்பி என்னிடமே தங்கிவிட்டது. சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு அவள் அண்ணன் வேலை செய்த கடைக்கே வேலைக்குக் கொழும்பு போனாள். நான் பல்கலைக்கழகம் போனேன். கொப்பியும் என் சான்றிதழ்களோடு வீடு வீடாக மாறி வந்தது.

இப்போது நான் ஹட்டனில் இருக்கிறேன். மகளுக்கு ஐந்து வயது. பாலர் பாடசாலையில் படத்துண்டுகளைப் பொருத்துகிற விளையாட்டில், பக்கத்துப் பிள்ளைக்கு எந்தத் துண்டு எங்கே வரும் என்று இவள் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அந்தப் பிள்ளை இவளுக்கு முதலே முடித்து நட்சத்திரம் வாங்கிவிட்டது.

"ஏன் சொன்னனீ?" என்று கேட்டேன்.

"அவளுக்குத் தெரியேல்லை அம்மா."

"உனக்குத் தெரிஞ்சதை உன்னோடை வைச்சிருக்கவேணும். விளங்குதோ?"

சொன்ன பிறகு சரியாகத்தான் சொன்னேனா என்று யோசித்தேன். பிள்ளை ஏமாந்துபோகக் கூடாது என்று எந்தத் தாயும் சொல்வதுதான் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அந்தக் கிழமையே ஹட்டன் புகையிரத மேடையில் அவளைக் கண்டேன். மகளைக் கூட்டிக்கொண்டு கணவரின் அக்கா வீட்டுக்குப் போவதற்காக நின்றேன். இடுப்பில் கைக்குழந்தையோடு வந்த பெண், என்னைத் தாண்டிப் போய்த் திரும்பினாள். "ஏய், நீயா?"

கோச்சி வர ஐந்து நிமிடம் இருந்தது. அந்த ஐந்து நிமிடத்துக்குள், மூன்றாவது பெட்டியில் ஏறினால் இடம் கிடைக்கும் என்பதையும், பிள்ளைக்குக் கழுத்து அரிக்காத கம்பளிச் சட்டை எந்தக் கடையில் இருக்கிறது என்பதையும், மருந்தைக் கன்னத்துப் பக்கமாக ஊற்றினால் பிள்ளை துப்பாது என்பதையும் சொல்லிவிட்டாள். கல்யாணமாகி வட்டவளையில் இருக்கிறாள். வீட்டோடு தையல் கடை. அவளுடைய குழந்தை யாரைப் பார்த்தாலும் சிரித்தது. என்னுடையவள் என் பின்னால் ஒளிந்தாள். அதையும் நான் கவனித்தேன்.

"அந்தக் கொப்பி வச்சிருக்கியா?" என்று கேட்டாள். "கடைசில என்னதான் வந்துச்சு? கொழும்புல நான் எத்தன பேருகிட்ட கேட்டேன் தெரியுமா? ஒருத்தருக்கும் ஒங்க செட்டு தெரியல."

"நான் பாக்கல" என்றேன். அந்த உண்மையைச் சொல்ல இருபது வருடம் எடுத்தது.

"பாக்கலையா? நீதானே ஜெயிச்ச?"

கோச்சி வந்துவிட்டது. ஏறுமுன், என் மகளின் கிளினிக் அட்டையை வாங்கி அதன் பின்பக்கத்தில் தன் தொலைபேசி இலக்கத்தை எழுதினாள். "எப்பயாவது பாத்தா சொல்லு."

அந்த இலக்கத்துக்கு அழைப்பு எடுக்கமாட்டேன் என்றுதான் நினைத்தேன். ஒரு வாரம் எடுக்கவுமில்லை.

பிறகு ஒரு பின்னேரம் மகள் தரையில் உட்கார்ந்து கடதாசியில் ஏதோ மடித்துக்கொண்டிருந்தாள். "வடிவாயிருக்கே, எப்பிடிச் செய்தனீங்கள்? அம்மாவுக்கும் காட்டுங்கோ" என்றேன். அவள் இரண்டு கையாலும் அதை மூடினாள்.

"காட்டமாட்டன். எனக்குத் தெரிஞ்சதை என்னோடை வைச்சிருக்கவேணும்."

என் சொற்கள், என் குரலும்கூட. அந்தச் சின்ன முகத்தில் இருந்ததும் எனக்குத் தெரிந்த முகம்தான். நான் அட்டை ஏறாத கால்களோடு நின்றபோது என் முகம் அப்படித்தான் இருந்திருக்கும்.

அந்தச் சனிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு கொட்டகலைக்குப் போனேன். அப்பா ஓய்வுபெற்ற பிறகும் அவரும் அம்மாவும் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள். அலுமாரியிலிருந்து செட்டை எடுத்துத் தரச் சொன்னேன். அப்பா ஏன் என்று கேட்காமல் எடுத்துத் தந்துவிட்டு, கடிகாரத்துக்குக் கீழே உட்கார்ந்து பத்திரிகையை விரித்தார். நான் பலமுறை விழுந்தேன். விழுந்தால் முதலிலிருந்து, எங்கள் செட் அப்படித்தான். மகள் பக்கத்தில் குந்தியிருந்து "பாயுங்கோ அம்மா, பாயுங்கோ" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன் ஆறாவது ஸ்டேஜ் முடிந்தது. குள்ளன் சிவப்புச் சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்தான். உள்ளே போனான். கதவை மூடினான். யன்னலில் வெளிச்சம் அணைந்தது.

அவ்வளவுதான் போலிருக்கிறது, இரண்டிலும் ஒன்றுதான் என்று நினைத்தேன். என் கை பழக்கத்தில் சுவிட்சுக்குப் போனது.

"இண்டைக்கும் சத்தத்தைக் குறைச்சே விளையாடுறாய்?" என்று அப்பா பத்திரிகைக்குப் பின்னாலிருந்து கேட்டார்.

கை நின்றுவிட்டது. சத்தத்தைக் குறைத்தது எனக்கே தெரியாது. அம்மாவுக்குத் தலைவலி இல்லாத சனிக்கிழமைகளிலும், நான் தனியாகச் சத்தத்தோடு விளையாடிய நாட்களிலும் அப்பா இதே அறையில்தானே இருந்தார். போட்டிக்கு முன்பே அவருக்கு எல்லாம் விளங்கியிருக்கும். அவள் என்ன சொன்னாள் என்று அன்றைக்கு வழியில் கேட்டது தெரியாமல் கேட்டதல்ல. என்னால் திரும்பி அவரைப் பார்க்க முடியவில்லை. திரையைப் பார்த்தபடியே இருந்தேன்.

அப்போது வாசலில் இருந்த இரண்டு சப்பாத்துகளும் எழும்பின. ஒன்றன்பின் ஒன்றாக, சத்தம் கேட்காமல் அடியெடுத்து வைத்து, வேலி வரைக்கும் மெல்லப் போய், பிறகு குள்ளன் இல்லாமல் தாங்களாகவே பாய்ந்து ஓடிப்போயின.

மகள் சிரித்துச் சிரித்துத் தரையில் உருண்டாள். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது எனக்காகவா, மகளுக்காகவா, இல்லை சிரித்ததில் கண் கலங்கியதாலா என்று நான் கேட்கவில்லை.

அங்கிருந்தே வட்டவளைக்கு, அவளுக்கு அழைப்பு எடுத்தேன். தையல் மெசின் ஓடுகிற சத்தம் கேட்டது.

"நான்தான். பாத்துட்டேன்" என்றேன்.

"இரு இரு, மெசின நிப்பாட்டுறேன். ம், சொல்லு."

சொன்னேன். அவளும் என் மகளைப் போலத்தான் சிரித்தாள். பிறகு தலையைச் சாய்த்திருப்பாள்.

"கதவு மூடி எவ்வளவு நேரங் கழிச்சு?"

"பத்து எண்ணுற அளவுக்கு."

"அடாப்டர் சூடேறும்னு நாங்கதான் கதவு மூடுன ஒடனே அணைச்சிருவமே. எங்க செட்டுலயும் சப்பாத்து ஓடுச்சோ என்னமோ. அப்ப நான் எழுதுனதே தப்பா இருக்கும். எங்க பக்கத்துலயும் ஒரு கேள்விக்குறி போட்டுரு."

எனக்கு அது தோன்றவே இல்லை. திரையை முழுவதும் பார்த்தவள் நான். பார்க்காதவள் அவள். பழைய எரிச்சல் அப்படியே வந்தது. அது போவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று அவசரமாகச் சொன்னேன்.

"இன்னொண்ணு. அன்னைக்குப் போட்டில, பாட்டு முந்திப் போறது எனக்கு முன்னாடியே தெரியும். நீ கேட்டப்ப ஒண்ணும் இல்லன்னு சொன்னேன்."

"போடி" என்றாள். "தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பியே."

மறுபடி சொல்ல வாயெடுத்தேன். அவளுடைய குழந்தை அழுதது. "கேள்விக்குறிய மறந்துறாத" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

கொப்பியில் வலப்பக்கக் கட்டத்தை எழுதினேன். இடப்பக்கத்தில் கேள்விக்குறி போட்டேன். அவளுடைய கையெழுத்துக்குப் பக்கத்தில் என்னுடையது நெரிசலாக இருந்தது.

திங்கட்கிழமை காலை, பாலர் பாடசாலை வாசலில் மகள் என் கையை விடாமல் நின்று கேட்டாள். "அம்மா, சப்பாத்து ஓடினதை எல்லாருக்கும் சொல்லலாமோ?"

உள்ளே பிள்ளைகள் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "சொல்லு" என்று சொல்ல எனக்கு ஒரு நிமிடம் பிடித்தது.